ஹில்டே மாங்கோல்டு அம்மையார்

நெடுநாள் வாழ்ந்தோரே அரும்பெருஞ் செயல்களை ஆற்றுவர் எனப் பலர் கருதுகின்றனர். 25 ஆண்டுகளே உயிர்வாழ்ந்து, மாணவியாயிருந்த காலத்திலேயே உயிர்நூல் வல்லார் இன்றளவும் எடுத்தோதும் உண்மையொன்றைத் தம் கைகளாற் கண்ட ஒரு நங்கையின் வாழ்க்கை, அக்கருத்தைப் பொய்யாக்குகின்றது. அந்நங்கையே ஹில்டே மாங்கோல்டு அம்மையார். நம்மைப் போலவே பாடங் கேட்டும் ஆய்வுக்கூடத்தில் உழைத்தும் நாட்கழித்த ஒருவரது வரலாறாதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறத் துணிந்தோம்.

அம்மையார் 1898-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20-ஆம் நாள், ஜெர்மனி தேசத்துக் கோத்தா நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஒரு சோப்புத் தொழிற்சாலைக்கு உரியவர். பெண்கள் சர்வகலாசாலை சென்று பயில்வது அந்நாட்டில் அக்காலத்தே புதுவழக்கமாகவே இருந்தது. ஆயினும் ஹில்டே முதலில் ஜேனாவிலும், பின்னர்ப் பிராங்க்பர்ட்டிலும் கல்வி பயின்றார். பிராங்க்பர்ட்டில் ஹான்ஸ் ஸ்பேமான் என்னும் பேராசிரியர் கருவளர்ச்சியைக் குறித்து நிகழ்த்திய சொற்பொழிவொன்றைக் கேட்டார். அதுவே அவர் வாழ்வின் திசையை மாற்றிற்று. 1920-ஆம் ஆண்டில் பிரைபர்க் சர்வகலாசாலையை அடைந்து, ஸ்பேமானிடமே ஆராய்ச்சி மாணவியாய் அமர்ந்தார்.

ஸ்பேமானை அந்நாளில் வாட்டிய வினா யாது? ஒரே உயிரணுவாய்த் தொடங்கும் கரு, இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிந்து, அணுக்களாலாய ஒரு சிறு பந்தாகின்றது. அப்பந்தில் ஒரு பகுதி மூளையாகவும், மற்றொரு பகுதி தோலாகவும், பிறிதொரு பகுதி குடலாகவும் மாறுவது எங்ஙனம்? ஒவ்வோர் அணுவும் தன் கடமையைத் தானே அறிந்துள்ளதா? அன்றி, அண்டையிலுள்ள அணுக்கள் அறிவிக்கக் கேட்டு நடக்கின்றதா? இதுவே அவ்வினா.

அம்மையாருக்கு முதலில் அளிக்கப்பட்ட வேலை வேறு. ஹைட்ரா என்னும் சிறு நீருயிரை, பையொன்றைப் புரட்டுவதுபோல உட்புறம் வெளியாகப் புரட்டும் வேலை அது. 18-ஆம் நூற்றாண்டில் டிரெம்பிளே என்பார் செய்து காட்டியதாகக் கூறிய அப்பரிசோதனை, எத்துணை முயன்றும் அம்மையாருக்குக் கைகூடவில்லை. அவர் மனம் சோர்ந்திருந்த வேளையில், 1921-ஆம் ஆண்டு வேனிற் பருவத் தொடக்கத்தில், ஸ்பேமான் வேறொரு பணியை அவரிடம் ஒப்புவித்தார்.

நியூட் என்பது தவளையினத்துக்கு உறவாய்ப் பல்லியின் வடிவுடைய நீருயிர். அதன் கருவில் மேற்புற அணுக்கள் உள்நோக்கி மடிந்து புகும் ஒரு சிறு வாயில் தோன்றும். அவ்வாயிலின் மேலுதட்டை ஒரு கருவினின்று வெட்டியெடுத்து, மற்றொரு கருவின் வயிற்றுப்புறத்தில் ஒட்டவேண்டும். ஸ்பேமான் முன்னரே ஒரே இனத்துக் கருக்களில் இதனைச் செய்திருந்தார்; ஆயின் ஒட்டிய அணு எது, ஏற்ற அணு எது எனப் பிரித்தறிய இயலாது போயிற்று. ஆகவே, வெளிர்நிறக் கருவுடைய இனமொன்றையும், கருநிறம் செறிந்த கருவுடைய இனமொன்றையும் தெரிந்துகொண்டனர். நிறமே அணுக்களின் பிறப்பிடத்தைக் காட்டும் சான்றாயிற்று.

சொல்லுதல் எளிது; செய்தல் அரிதினும் அரிது. கருவின் குறுக்களவோ ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். கருவிகளோ நுண்ணிய கண்ணாடி ஊசியும், மெல்லிய மயிர்க் கண்ணியுமே. நோய்க்கிருமிகளைத் தடுக்கும் மருந்துகள் அக்காலத்தில் இல்லை. ஆதலின் பெரும்பாலான கருக்கள் சில நாட்களில் அழிந்துபட்டன. நியூட் முட்டையிடும் பருவமும் ஆண்டிற்கு ஒருமுறையே வரும். தளராது இரண்டு வேனிற் பருவங்கள் உழைத்த அம்மையாருக்கு, விரல்விட்டு எண்ணத்தக்க சில கருக்களே முழுப்பயன் தந்தன.

அச்சில கருக்களே போதுமானவையாயின. ஒட்டிய இடத்தில் இரண்டாவது கருவொன்று, முதற்கருவோடு வயிற்றுப்புறம் இணைந்த இரட்டைப் பிள்ளைபோல் உருவாகியிருந்தது. அதனினும் வியப்பு யாதெனில், அவ்விரண்டாங் கருவின் நரம்புக்குழாயிற் பெரும்பகுதி கருநிற அணுக்களால் அமைந்திருந்தமையே. வயிற்றுத் தோலாக வேண்டிய அணுக்கள், புதிதாய் வந்த அயலாரின் ஏவலைக் கேட்டு நரம்பாய் மாறின. அணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறியே உடலை அமைக்கின்றன என்பது இதனால் ஐயமின்றிப் புலனாயிற்று. அம்மேலுதட்டுக்கு ஸ்பேமான் ஒழுங்கமைப்பான் என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

1921-ஆம் ஆண்டில் அம்மையார், ஸ்பேமானின் உதவியாளராகிய ஆட்டோ மாங்கோல்டை மணந்தார். ஓர் ஆண்மகவும் பிறந்தது. 1923-ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சிக்காகவே டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஒன்றை நாம் மறைத்தல் முறையன்று. ஏனைய மாணவர்தம் ஆய்வுரைகள் அவரவர் பெயராலேயே வெளிவர, இவ்வொரு கட்டுரையில் மட்டும் ஸ்பேமான் தம் பெயரை முன்னிறுத்தினார். அம்மையார் இதற்கு வருந்தினார் என்று அவருடன் பயின்ற விக்டர் ஹாம்பர்கர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். வினாவும் திட்டமும் ஆசிரியருடையன; கையும் பொறுமையும் மாணவியுடையன. இரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் அவ்வுண்மை வெளிப்பட்டிராது.

1924-ஆம் ஆண்டில் அம்மையார் கணவருடன் பெர்லின் நகரில் குடியேறினார். அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், அடுப்பு வெடித்ததனால் நேர்ந்த தீப்புண்களால் உயிர்நீத்தார். அவர்தம் கட்டுரை அவ்வாண்டிலேயே அச்சேறிற்று. அதனை அச்சிற் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1935-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு ஸ்பேமான் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

அம்மையார் மறைந்த பின்னரும் அவர் எழுப்பிய வினா மறையவில்லை. ஏவிய செய்தி எவ்வடிவினது? 1932-ஆம் ஆண்டில், கொல்லப்பட்ட ஒழுங்கமைப்பானும் நரம்பை உண்டாக்குமெனக் கண்டனர். எனவே அச்செய்தி ஏதோ ஒரு பொருளே எனத் தெளிந்தனர். ஆயின் தொடர்பற்ற பற்பல பொருள்களும் அவ்வாறே செய்யக் கண்டு, உண்மையான தூதனை அறியமாட்டாது பல்லாண்டுகள் தடுமாறினர். 1992-ஆம் ஆண்டில் நாகின் என்னும் புரதமும், 1994-ஆம் ஆண்டில் கார்டின் என்னும் புரதமும் தவளைக் கருவில் கண்டறியப்பட்டன. ஒழுங்கமைப்பான் இவ்விரண்டையும் சுரந்து வெளிவிடுகின்றது.

இவை செயற்படும் முறை எதிர்பாராதது. கருவின் மேற்புற அணுக்கள் எலும்பாக்கும் புரதம் எனப் பெயர்பெற்ற ஒன்றை வெளிவிட்டு, தோலாகுமாறு ஒன்றையொன்று ஏவிக்கொண்டேயிருக்கின்றன. அப்புரதம் அணுவின் புறத்தேயுள்ள ஏற்பியைத் தொட்டால், அச்செய்தி அணுவின் உட்கருவரை செல்லும். நாகினும் கார்டினும் வழியிலேயே அதனைத் தழுவிப் பற்றி, ஏற்பியை அணுகவொட்டாது தடுக்கின்றன. தடுக்கப்பட்ட இடத்து அணுக்கள், தோலாகும் ஏவல் நீங்கினமையால் நரம்பாகின்றன. கார்டினை அறுத்து அப்புரதத்தை மீள விடுவிக்கும் வேறொரு புரதமும் உண்டு. இங்ஙனம் ஒழுங்கமைப்பான் ஆணையிட்டு நடத்தும் அரசனாக அன்றி, பிறிதோர் ஆணையை விலக்கி வழிவிடும் காவலனாகவே இச்செயலில் விளங்குகின்றது.

அரை நூற்றாண்டுக்கு மேல் தேடிக் கண்ட இவ்விளக்கத்திற்கு வித்திட்டவை, ஒரு மாணவி கண்ணாடி ஊசி கொண்டு ஒட்டிய அச்சில கருக்களே. இன்று அறிஞர் பலர் அம்மேலுதட்டை ஸ்பேமான் மாங்கோல்டு ஒழுங்கமைப்பான் என இருவர் பெயராலும் வழங்குகின்றனர். காலந்தாழ்த்து வந்த நீதியாயினும் நீதியே அது. ஆய்வுக்கூடத்தில் பரிசோதனை பிழைபட்டு மனந்தளரும் நண்பர்காள்! ஹைட்ராவோடு போராடித் தோற்ற அம்மையார், அடுத்த பணியைக் கையிலெடுக்கத் தயங்கவில்லை என்பதை நினைமின்! மாணவர் உழைப்பைத் தம் நூல்களிற் சேர்க்கும் பெரியோரும் அவர்தம் பெயரை மறவாதிருப்பாராக!