ஒரு செக், ஒரு மாட்டு வண்டி: வேலூர் சி.எம்.சி-யை உருவாக்கிய ஐடா ஸ்கடர் யார்?

கோத்தகிரி பக்கத்துல, பஸ் போகாத ஆதிவாசி கிராமத்துல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னா என்ன செய்வாங்க? ஒண்ணு, அவரைத் தூக்கிக்கிட்டு டவுனுக்கு வரணும். இல்லைன்னா, டாக்டர் அங்க போகணும். இந்த இரண்டாவது வழிக்குத்தான் நன்கொடை தேவைப்படுது. டீசல், மருந்து, நர்ஸ் சம்பளம்னு செலவு நிக்காம ஓடும். ஆனா ஏழை நோயாளிகிட்ட ஃபீஸ் வாங்க முடியாது.

நூறு வருஷத்துக்கும் முன்னாடியே வேலூர்ல இதே சிக்கலைச் சந்தித்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர்.

மூன்று மரணங்கள்

ஐடா 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அப்பா, தாத்தா இருவருமே அமெரிக்க மிஷனரி டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு அந்த வாழ்க்கையில் ஆசையே இல்லை. அமெரிக்காவில் படித்தவர், உடம்பு சரியில்லாத அம்மாவைக் கவனிக்க 1890-ல் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்தார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் பிரசவம் பார்க்க மூன்று வீட்டிலும் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படிக்காத ஐடாவால் உதவ முடியவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரிதான் அவரை டாக்டருக்குப் படிக்க வைத்தது.

10,000 டாலர் எப்படி வந்தது?

1899-ல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். இந்தியா கிளம்பும் முன் பெண்களுக்கான ஆஸ்பத்திரிக்காக நன்கொடை திரட்டினார். நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல், மறைந்த தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900-ல் வேலூர் வந்த ஐடா, முதலில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். ஷெல் கொடுத்த பணத்தில் 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

கட்டடம் மட்டும் போதுமா?

போதாதுன்னு ஐடாவுக்குச் சீக்கிரமே புரிந்தது. தூரத்து ஊர் ஜனங்களால் ஆஸ்பத்திரிக்கு நடந்து வர முடியாது. அதனால் 1906-ல் மாட்டு வண்டியில் மருந்துப் பெட்டியோடு கிளம்பினார். ரோட்டோர மரத்தடிதான் கிளினிக். டாக்டர் வருவது தெரிந்து சுற்று வட்டார ஜனங்கள் அங்கே காத்திருப்பார்கள். பிறகு மாட்டு வண்டி போய் கார் வந்தது.

அடுத்த பிரச்னை, ஆள். ஒரே டாக்டர் எத்தனை ஊருக்குத்தான் போவார்? 1909-ல் நர்ஸிங் பள்ளியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அதற்கும் நன்கொடைதான் கை கொடுத்தது.

மூடுவிழா நெருங்கிய நேரம்

1930-களின் கடைசியில் பெரிய சோதனை வந்தது. மருத்துவ டிப்ளமோ இனி கிடையாது, பட்டப்படிப்பு மட்டும்தான் என்று சென்னை மாகாண அரசு முடிவெடுத்தது. பள்ளி, கல்லூரியாக உயர வேண்டும். இல்லையென்றால் மூட வேண்டும். உயர்த்துவதென்றால் கூடுதல் படுக்கைகள், பேராசிரியர்கள், ஆய்வகங்கள் எல்லாம் வேண்டும்.

எழுபது வயதைத் தாண்டிய ஐடா, உலகப் போர் நடக்கும்போதே அமெரிக்கா போய் மறுபடியும் நிதி கேட்டார். பல திருச்சபைகள் சேர்ந்து பொறுப்பை ஏற்றன. 1942-ல் எம்.பி.பி.எஸ் படிப்பு வந்தது. 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

1946-ல் ஓய்வு பெற்ற ஐடா, 1960 மே மாதம் கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 89.

இன்னைக்கு நமக்கு இதில் என்ன இருக்கு?

கோத்தகிரியில் 1958-ல் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம், மலைக்கிராமங்களில் மருத்துவப் பணி செய்து வந்திருக்கிறது. ஐடாவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கணக்கு ஒண்ணுதான்.

ஒரு பெரிய செக் கட்டடம் கட்டிடும், வாசல்ல பேரும் பொறிச்சிடலாம். ஆனா வாரா வாரம் ஓடுற வண்டிக்கும், அதுல போற நர்ஸுக்கும் வருஷம் முழுக்கப் பணம் வேணும். அந்தச் செலவுக்கு கல்வெட்டு கிடையாது. நன்கொடை கொடுக்க நினைக்கிறவங்க, அடுத்த தடவை கட்டட நிதியோட வண்டிச் செலவையும் கேட்டுப் பாருங்க.