வண்ணத்துப்பூச்சியின் வேடம் கண்ட வாலேசு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் உள்ள ஆலத்தூர் நாட்டிலும், தமிழகத்தின் பிற ஊர்களிலும், எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வளரும் கொல்லைகளில் கரிய வண்ணத்துப்பூச்சி ஒன்று பறத்தலைக் காணலாம். அதன் பின்னிறகு வால்போல் நீண்டிருக்கும். அதனைக் கறிவேப்பிலை அழகி என்பர். வீட்டருகே திரியும் இச்சிற்றுயிரைப் பற்றிய புதிர் ஒன்றை விடுவித்தவர் ஆல்பிரட் ரசல் வாலேசு என்னும் அறிஞர் ஆவர்.

வாலேசு 1823ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள் வேல்சு நாட்டில் பிறந்தார். வறுமை காரணமாக இளமையிலேயே பள்ளியை விட்டு நீங்கித் தமையனாருடன் நிலம் அளக்கும் தொழிலை மேற்கொண்டார். பின்னர் லெசுட்டர் நகரில் ஆசிரியராய் இருந்தபொழுது, பேட்சு என்னும் இளைஞரின் நட்பு வாய்த்தது. பூச்சிகளைத் தொகுக்கும் வேட்கையை ஊட்டியவர் அவரே. 1848இல் இருவரும் அமேசான் காடுகளுக்குச் சென்றனர். நான்காண்டு உழைத்துத் திரும்புகையில் வாலேசு ஏறிய கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. உடன் கொணர்ந்த தொகுப்பு அழிந்தது. பத்து நாள் சிறு படகில் மிதந்து அவர் உயிர் பிழைத்தார். பிறராயின் கடற்பயணத்தையே வெறுத்திருப்பர். அவரோ 1854இல் மலேயத் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். எட்டாண்டுகள் அலைந்து 1,25,660 உயிரினங்களைத் தொகுத்தார். உயிரினங்கள் மாறிவரும் முறையை டார்வினைப் போலவே தாமும் கண்டறிந்து, 1858இல் அவருக்கு எழுதியனுப்பினார். எனினும் டார்வினின் பெயரே பெரிதும் நிலைத்துவிட்டது.

இனிப் புதிரைக் காண்போம். கறிவேப்பிலை அழகியின் ஆண், கரிய இறகில் வெண்புள்ளி வரிசை உடையது. பெண்ணோ மூவகை. ஒன்று ஆணை ஒத்தது. ஏனைய இரண்டும் செந்நிறம் கலந்து முற்றிலும் வேறுபட்டவை. ஆகவே முன்னையோர் இவற்றை வெவ்வேறு இனங்களாகக் கருதி, வெவ்வேறு பெயரும் இட்டனர். இன்று ஒரு கைப்பேசியால் படமெடுத்து இவற்றை ஒப்பிடலாம். அந்நாளில் ஊசியில் குத்திய பூச்சிகளைப் பெட்டி பெட்டியாக நோக்குதலே வழி. அவ்வாறு நோக்கிய வாலேசு, இவையெல்லாம் ஓரினமே என 1864இல் இலண்டன் லின்னேயக் கழகத்தில் விளக்கினார்.

பெண்ணுக்கு இவ்வேடம் எதற்கு? சிவந்த உடலுடைய வேறு இரு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகொடிகளைத் தின்று வளர்வன. ஆடும் தீண்டாது எனப் பெயரே உரைக்கின்றதன்றோ? அந்நஞ்சு வளர்ந்த பூச்சியின் உடலிலும் தங்குவதால் பறவைகள் அவற்றை விலக்கும். நஞ்சற்ற கறிவேப்பிலை அழகி அவற்றைப்போல் தோன்றிப் பறவைகளை ஏய்க்கின்றது. ஆயினும் உடல் மட்டும் கருமையாகவே இருத்தலால், உற்று நோக்குவார்க்கு வேடம் புலப்பட்டுவிடும். இத்தகைய ஒப்புமையை அமேசான் காட்டில் முதலில் கண்டவர் நண்பர் பேட்சே.

வாலேசு 1913ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள், தம் தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். இலங்கையில் ஃபிரையர் என்பார் இவ்வினத்தைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, ஒரு தாயின் முட்டைகளிலிருந்தே பலவகைப் பெண்கள் தோன்றுதலைக் காட்டினார். அவ்வேடத்தை ஆள்வது ஒரே மரபணு என்பதை, இந்திய அறிஞர் குண்டேயும் அவர்தம் குழுவினரும் 2014இல் வெளியிட்டனர்.