சாமுவேல் கோல்ட்: ஆறு அறைகளும் அடங்காத நெருப்பும்

வன்னியில் இடியன் துவக்கைக் கண்டவர்களுக்குக் கரிமருந்தைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து இடித்து, ஈயத்தைப் போட்டு, பின்பக்கத்தில் கேப்பை மாட்டினால் துவக்கு தயார். ஒரு குழாய், ஒரு வெடி. பிழைத்தாலும் அந்த ஒரு வெடியோடு முடிந்துவிடும். இதே முறையில் ஐந்தாறு வெடிகளை ஒன்றின் தோளில் ஒன்று உரச அடுக்கி வைத்து, ஒன்று வெடிக்கும்போது மற்றவை தம் முறை வரும் வரை சும்மா இருக்க வேண்டும் என்று 1830களில் ஓர் அமெரிக்க இளைஞர் எதிர்பார்த்தார். அவர்தான் சாமுவேல் கோல்ட்.

கோல்ட் என்றதும் பலருக்கும் குதிரையும் தொப்பியுமாக வரும் அமெரிக்கத் திரைப்பட நாயகர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அவரது வாழ்க்கையை ஆரம்பத்தில் இருந்து பார்த்தால், அதன் நடுவே ஒரே ஒரு சிக்கல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மூட்டிய இடத்திலேயே நெருப்பை நிற்கவைப்பது எப்படி என்பதே அது. அதற்குப் பாதி விடையைத்தான் அவரால் காண முடிந்தது. மீதிப் பாதிக்கான விலையைக் கொடுத்தவர்கள் அவரது துப்பாக்கியைக் கையில் பிடித்திருந்தவர்கள்.

1814 ஜூலை 19 அன்று கொனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அவர் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தார். தந்தையின் வியாபாரமும் நொடித்தது. பதினொரு வயதில் ஒரு பண்ணையில் வேலைக்கு விடப்பட்டார். மருந்திலும் மின்சாரத்திலும் அவருக்கு இருந்த பைத்தியம் அந்த வயதிலேயே தொடங்கிவிட்டது. 1829 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, மசாசூசெட்ஸில் வேர் என்ற ஊரின் குளத்தில் ஒரு தெப்பத்தை வெடிக்கவைத்துக் காட்டப்போவதாக ஊரைக் கூட்டினார். வெடித்தது உண்மை. ஆனால் தெப்பம் இருந்த இடத்தில் வெடிக்கவில்லை. நல்ல உடுப்போடு வேடிக்கை பார்க்க வந்த சனங்கள் எல்லோரும் சேற்றுநீரில் குளித்தார்கள். அடிக்க வந்தவர்களிடம் இருந்து அவரைக் காப்பாற்றியவர் எலைஷா ரூட் என்ற இளம் இயந்திரத் தொழிலாளி என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் கோல்டின் தொழிற்சாலையையே தூக்கி நிறுத்தியவர் இந்த ரூட்தான். அடுத்த ஆண்டு படித்த பாடசாலையிலும் வாணவேடிக்கை விபரீதமாகியது. அதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது.

தந்தை அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டார். 1830இல் பொஸ்டனில் இருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட கோர்வோ என்ற கப்பலில் அவர் மாலுமி வேலை பழகினார். அந்தப் பயணத்தில்தான் சுழலும் உருளையின் மாதிரியை மரத்தில் செதுக்கினார். கப்பலின் சுக்கான் சக்கரத்தைப் பார்த்து யோசனை பிறந்தது என்று பிற்காலத்தில் கதை பரவியது. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எலைஷா கொலியர் என்பவர் அதற்கு முன்பே சுழல் உருளைத் துப்பாக்கி ஒன்றைச் செய்து காப்புரிமையும் பெற்றிருந்தார். சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போதே உருளை தானாகத் திரும்பி, சரியான இடத்தில் பூட்டிக்கொள்ளும் பொறிமுறைதான் கோல்டின் பங்கு. அது சிறிய விடயமல்ல.

ஊர் திரும்பியவரிடம் பணம் இல்லை. டொக்டர் கோல்ட் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு, சிரிப்பூட்டும் வாயுவை மக்களுக்கு முகரக் கொடுத்து ஊர் ஊராகக் காட்சி நடத்தினார். அந்தக் காசில் துப்பாக்கி மாதிரிகளைச் செய்வித்தார். முதலில் செய்யப்பட்ட கைத்துப்பாக்கி சோதனையிலேயே வெடித்துச் சிதறியது. நல்ல மாதிரிகளைச் செய்து கொடுத்தவர் ஜோன் பியர்சன் என்ற கைவினைஞர். அவருக்குரிய கூலியைக் கோல்ட் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1835இல் இங்கிலாந்திலும் 1836 பெப்ரவரி 25 அன்று அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. அந்த அமெரிக்க ஆவணத்தில் கோல்ட் உரிமை கோரியவற்றில் இரண்டு இங்கே முக்கியமானவை. ஒன்று, கேப்புகளுக்கு இடையே வைத்த தடுப்பு. ஒரு கேப்பின் நெருப்பு பக்கத்துக் கேப்புக்குப் போகக் கூடாது என்பதற்காக அது. மற்றது, கேப்புகளை ஈரத்தில் இருந்தும் புகையில் இருந்தும் காக்கும் மூடி. ஆக, அடுத்த அறைக்கு நெருப்புத் தாவும் ஆபத்தை இருபத்தொரு வயதிலேயே அவர் அறிந்திருந்தார்.

அது எப்படித் தாவுகிறது? உருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் மருந்தும் அதன் மேல் ஈயக்குண்டும். மேலே நிற்கும் அறை வெடிக்கும்போது, உருளைக்கும் குழாய்க்கும் இடையில் உள்ள மெல்லிய இடைவெளியால் எரிவாயு பக்கவாட்டில் பீறிடும். அது பக்கத்து அறைகளின் வாயை நக்கிக்கொண்டு போகும். அங்கே குண்டு அறையின் சுவரோடு இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் ஒன்றும் ஆகாது. குண்டு சிறுத்தோ நெளிந்தோ இருந்தால் ஒரு பொறி போதும். இது முன்வழி. பின்வழியும் உண்டு. அளவு பொருந்தாத கேப், முந்திய வெடியின் அதிர்வில் கழன்று விழுந்தால் அதன் துளை திறந்துவிடும். அடுத்த கேப் வெடிக்கும்போது சிதறும் தீ அந்தத் துளைக்குள் இறங்கும். எப்படி நடந்தாலும் முடிவு ஒன்றுதான். ஒரு முறை விசையை இழுத்தால் இரண்டு, மூன்று, சிலவேளை எல்லா அறைகளும் ஒன்றாக வெடிக்கும். இதைத் தொடர்வெடி என்று சொல்லலாம்.

மேலறையின் குண்டு குழாய் வழியே போகும். பக்கத்து அறைகளின் குண்டுகள் குழாய்க்கு வெளியே போகும். கீழறையின் குண்டு போவதற்கு வழி இல்லை. அது சட்டத்திலோ மருந்திடிக்கும் நெம்புகோலிலோ மோதும். கைத்துப்பாக்கி என்றால் பிடித்திருக்கும் கை உருளைக்குப் பின்னால் இருப்பதால் பெரும்பாலும் அதிர்ச்சியோடு தப்பிவிடலாம். நீளத் துப்பாக்கி என்றால் கதை வேறு. அதைத் தாங்கும் இடது கை உருளைக்கு முன்னால், அந்தக் குண்டுகள் வரும் பாதையிலேயே இருக்கும்.

கோல்டின் முதல் தொழிற்சாலை 1836இல் நியூ ஜேர்சியின் பற்றர்சன் நகரில் தொடங்கியது. அடுத்த ஆண்டு இராணுவ அதிகாரிகள் குழு ஒன்று அந்தத் துப்பாக்கிகளைச் சோதித்து, சிக்கலானவை, விபத்துக்கு இடமளிப்பவை என்று கூறித் தள்ளிவிட்டது. கோல்ட் விடவில்லை. செமினோல் பூர்வகுடிகளுக்கு எதிரான போர் நடந்துகொண்டிருந்த புளோரிடாவுக்கு 1838இல் தானே போய், கேணல் ஹார்னியின் படைக்கு ஐம்பது துப்பாக்கிகளை விற்றார். தமது சொந்த நிலத்தை விட்டுப் போக மறுத்த ஒரு மக்களின் மீதுதான் இந்தக் கண்டுபிடிப்பு முதலில் பரிசோதிக்கப்பட்டது. வெற்றிக் கதைகளில் அந்த வரி சிறிய எழுத்தில்தான் வருகிறது.

தொடர்வெடியின் காரணங்களைப் பற்றி 1851இல் லண்டனில் சிவில் பொறியியலாளர்களின் சபை முன்னிலையில் கோல்டே ஒரு கட்டுரை வாசித்தார். ஆரம்ப வடிவங்களில் உருளையின் முன்னும் பின்னும் பாதுகாப்புக்கென வைத்த மூடுதகடுகளே நெருப்பை அடைத்து, மற்ற அறைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன என்பதை அதில் விளக்கினார். காப்புரிமையில் பெருமையாக எழுதிய மூடியே எதிரியாகிவிட்டது. தகடுகளை எடுத்துவிட்டு, நெருப்பு வெளியே போக வழிவிட்டார். அறைகளின் வாய் விளிம்பைச் சாய்வாகச் சீவினார். அடைத்து வைத்தால் அடங்கும் என்று நினைத்ததைத் திறந்துவிட்டுத்தான் அடக்க முடிந்தது. அதுவும் முழுமையாக அல்ல.

மிச்சத்தைச் சுடுபவரின் கை பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றும் பழைய மாதிரித் துப்பாக்கிகளால் சுடுபவர்கள் அதே ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறார்கள். அறையை விட ஒரு மயிரிழை பெரிய ஈயக்குண்டை எடுத்து நெம்புகோலால் அழுத்தினால், விளிம்பில் இருந்து ஒரு மெல்லிய ஈய வளையம் சீவப்பட்டு விழும். அந்த வளையம் முழுதாக விழுந்தால் வாய் அடைபட்டது என்று அர்த்தம். குண்டின் மேல் கொழுப்பையோ கிறீஸையோ பூசுவதும் வழக்கம். அது தொடர்வெடியைத் தடுக்கிறதா, கரியை இளக்க மட்டும் உதவுகிறதா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. கேப் அளவாக இருக்க வேண்டும், சுத்தியல் வெற்று அறை மீது இருக்க வேண்டும், புகையற்ற நவீன மருந்தை மறந்தும் போடக் கூடாது என்பவற்றில் இரண்டு கட்சி இல்லை.

பற்றர்சன் நிறுவனம் 1842இல் மூடப்பட்டது. அதே காலத்தில் அவரது சகோதரர் ஜோன் கொலைக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்று, தண்டனை நாளன்று சிறையில் இறந்தார். கோல்ட் அப்போது வேறொரு வேலையில் மூழ்கியிருந்தார். நீருக்கடியில் மருந்தை வைத்து, கரையில் இருந்து மின்கம்பி வழியாக வெடிக்கவைத்துக் கப்பலைத் தகர்ப்பது. நியூயோர்க் துறைமுகத்திலும், 1844இல் பொட்டோமக் ஆற்றிலும் கப்பல்களைத் தகர்த்துக் காட்டினார். முன்னாள் ஜனாதிபதி ஜோன் குயின்சி அடம்ஸ் இதை நேர்மையற்ற போர்முறை என்று எதிர்த்தார். கண்ணில் படாமல் காத்திருக்கும் வெடி எப்படிப்பட்டது என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்கம் அந்தத் திட்டத்தை வாங்கவில்லை.

அவரை மீட்டது இன்னொரு போர். பற்றர்சன் துப்பாக்கிகளோடு கொமான்சி பூர்வகுடிகளை எதிர்த்த ரெக்சாஸ் ரேஞ்சர் படையினரில் ஒருவரான சாமுவேல் வோக்கர், மெக்சிகோப் போரின்போது அவரைத் தேடி வந்தார். ஆயிரம் துப்பாக்கிகளுக்கு உத்தரவு கிடைத்தது. 1847இல் வெளிவந்த அந்த வோக்கர் மாதிரி ஆறு வெடி கொண்டது, ஏறத்தாழ இரண்டு கிலோ எடை, ஒவ்வொரு அறையிலும் 60 கிரெயின், அதாவது நான்கு கிராம் அளவு மருந்து. அந்தக் காலத்து இரும்புக்கு அது அதிகம். பல துப்பாக்கிகளின் உருளைகள் கையிலேயே வெடித்தன. கூர்க்குண்டைத் தலைகீழாகப் போட்டு, மீதி இடத்தையும் மருந்தால் நிரப்பியவர்களும் உண்டு. ஆனால் பதற்றத்தில் இருக்கும் ஒரு படையாளின் கையில் கொடுக்கும் பொருள் அந்தத் தவறையும் தாங்க வேண்டும். முழுப் பழியையும் சுட்டவன் மேல் போடுவது விற்பவனுக்கு வசதியான கணக்கு. அடுத்த டிராகூன் மாதிரியில் உருளையைச் சுருக்கி, மருந்தையும் குறைத்தார்கள். வோக்கர் அதைக் காணவில்லை. 1847 ஒக்டோபரில் ஹுவாமந்த்லாவில் கொல்லப்பட்டார்.

அதன் பிறகு பணம் கொட்டியது. 1851இன் நேவி மாதிரி, லண்டனில் ஒரு தொழிற்சாலை, 1855இல் ஹார்ட்ஃபோர்ட்டில் நீலக் குவிமாடத்தோடு பெரும் ஆயுதசாலை. ஒரு தேசத்துக்கு விற்கும்போது எதிரியும் வாங்குகிறான் என்று காதில் போடுவது அவரது வியாபாரத் தந்திரம் என்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூளும் வரை தெற்கு மாநிலங்களுக்கும் விற்றார். வடக்கில் அவரைத் துரோகி என்று எழுதினார்கள்.

தொடர்வெடிக்கு உண்மையான மருந்து அவரது வாழ்நாளிலேயே வந்துவிட்டது. உருளையை முழுவதும் துளைத்து, பின்பக்கத்தால் தோட்டாவை நுழைக்கும் முறைக்கு 1855இல் ரோலின் வைட் காப்புரிமை பெற்றார். மருந்தும் குண்டும் கேப்பும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடைபட்டால் பக்கத்து நெருப்புக்கு அங்கே வேலை இல்லை. அந்த உரிமையை ஸ்மித் அண்ட் வெஸன் வாங்கிக்கொண்டது. கோல்ட் பழைய முறையிலேயே நின்றார். அவரது 1855ஆம் ஆண்டு மாதிரி நீளத் துப்பாக்கிகள் உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளின் கைக்கு வந்தன. இடது கையை முன்னால் நீட்டப் பயந்த படையினர், விசைக் காப்பின் அடியில் தாங்கிப் பிடித்தும், நெம்புகோலை இறக்கி அதைப் பிடித்தும் சுட்டார்கள். பேர்டனின் குறிசுடும் படையினர் 1862இல் வேறு துப்பாக்கி கிடைத்தவுடன் இவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கோல்ட் 1862 ஜனவரி 10 அன்று, 47 வயதில் நோயால் இறந்தார். இரண்டு ஆண்டுகளில், 1864 பெப்ரவரியில், ஹார்ட்ஃபோர்ட் ஆயுதசாலை தீப்பிடித்துக் குவிமாடத்தோடு சரிந்தது. மனைவி எலிசபெத் காப்புறுதிப் பணத்தைக் கொண்டு அதைத் திரும்பக் கட்டினார். வைட்டின் காப்புரிமை 1869இல் காலாவதியானது. உலோகத் தோட்டாவைப் போடும் புகழ்பெற்ற கோல்ட் றிவோல்வர் 1873இல் அந்தப் புதிய கட்டடத்தில் இருந்து வெளியே வந்தது.