டாக்டர் தலிமெரன் ஆவோ

நங்கோவை மைதானங்களிற் காற்பந்தாடும் நண்பர் பலர் இவர் பெயரைக் கேட்டிலர். நாகர் மலையிலுள்ள சங்கி என்னுஞ் சிற்றூரில் 1918-ஆம் ஆண்டு பிறந்தார். போதகராகிய தந்தையார், மைந்தன் மருத்துவனாதல் வேண்டுமென விரும்பியவர், 1935-இல் டைபாய்டு சுரத்தாற் காலமானார். மைந்தரோ பந்தாட்டத்தில் நிகரற்றவர். கல்கத்தாவில் மருத்துவம் பயின்றுகொண்டே மோகன் பகான் குழுவின் நடுக்கள ஆட்டக்காரராய் விளங்கினார். 1948-இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவிற் சுதந்தர இந்தியக் குழுவுக்குத் தலைவரானார். நம்மவருட் பெரும்பாலோர் வெறுங்காலினராய்ப் பிரான்சை எதிர்த்தனர். சாரங்கபாணி இராமன் அடித்த கோலால் ஆட்டஞ் சமனாயிற்று. அந்தோ! கிடைத்த பெனால்ட்டி உதைகள் இரண்டும் வீணாயின. கடைசி நிமிடங்களில் அடித்த கோலாற் பிரான்சு 2-1 என வென்றது. முப்பது வயதுவரை தந்தையின் விருப்பத்தை மறந்து பந்தின்பின் ஓடினாரோ என ஐயுறுவாரும் உளராகலாம். யான் அங்ஙனங் கருதேன். 1950-இல் மருத்துவப் பட்டம் பெற்றதும், ஆரவாரமிக்க கல்கத்தா மைதானங்களை விடுத்துத் தம் மலைநாட்டுக்கே மீண்டார். கோகிமா மருத்துவமனையிற் பணியாற்றி, பின்னர் நாகாலாந்துச் சுகாதாரத் துறையின் இயக்குநராய் உயர்ந்து, 1978-இல் ஓய்வுபெற்றார், 1998-இல் மறைந்தார்.