சொல்லாமற் சொன்ன இயக்குநர்

1892இல் பெர்லினில் யூதத் தையற்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ். நாடக நடிகராய்த் தொடங்கி, ஜெர்மானியத் திரையில் இயக்குநராய் உயர்ந்து, 1922இல் அமெரிக்கா சென்றார்.

1924இல் அவர் அளித்த பேசாப்படக் காதல் நகைச்சுவை 'தி மேரேஜ் சர்க்கிள்'. கணவன் அணியும் காலுறையில் ஓட்டை. அவனது இழுப்பறையில் ஓரிரு பொருள்களே. மனைவியின் இழுப்பறையோ நிறைந்திருக்கிறது. இல்லறத்தில் அன்பு வற்றியதை உணர்த்த அவருக்கு இவையே போதுமாயின. மறு ஆண்டு, சொல்வன்மைக்குப் புகழ்பெற்ற ஆஸ்கர் வைல்டின் நாடகம் ஒன்றை, அச்சொற்களை விலக்கியே படமாக்கி வென்றார். சொல்லையே பயிற்றும் நாம் குறிப்புப்பொருளின் ஆற்றலை இங்கும் காண்கிறோம்.

1935இல் நாஜி அரசு அவரது குடியுரிமையைப் பறித்தது. காண்போரின் அறிவை நம்பிய அக்கலையை எவராலும் பறிக்க இயலவில்லை. 1947இல் அமெரிக்க மண்ணில் மறைந்தார்.