89 கி.மீ. பைக்கை 305 கி.மீ. ஓட வைத்த ஷெட்: யார் இந்த பர்ட் மன்ரோ?

1967 ஆகஸ்ட். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புப் பாலைவனம். மரம் இல்லை, மேடு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேர் என உப்புத் தரை. அதன் நடுவே சிவப்பு மீன் போன்ற ஒரு கூட்டுக்குள் குப்புறப் படுத்தபடி பைக் ஓட்டத் தயாராகிறார் ஒருவர். அவருக்கு வயது 68. பைக்குக்கு 47.

புதிதாக வாங்கியபோது அந்த பைக்கின் உச்சபட்ச வேகம் மணிக்கு சுமார் 89 கி.மீ. அன்று உப்புத் தரையில் ஒரு ஓட்டத்தில் அது தொட்டது 305.89 கி.மீ. பெரிய கம்பெனி ஆதரவு இல்லை, இன்ஜினீயர்கள் குழு இல்லை. அத்தனை வேலையும் நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள ஒரு சின்ன ஊரில், ஒரு ஷெட்டுக்குள் நடந்தது. பழைய வண்டியை வீட்டிலேயே பிரித்து, மாற்றிக் கட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்றும் ஆதர்சமாக இருக்கும் பெயர், பர்ட் மன்ரோ.

யார் இவர்?

முழுப் பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ. 1899 மார்ச் 25-ம் தேதி, நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கூடவே பிறந்த இரட்டைச் சகோதரி பிறப்பிலேயே இறந்துவிட்டார். சின்ன வயதிலேயே வேகத்தின் மீது பித்து. பண்ணையில் இருந்த குதிரைகளிலேயே வேகமான குதிரை எதுவோ, அதில்தான் ஏறுவார். குதிரை போய், பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது.

1920-ல், 21 வயதில், 'இந்தியன் ஸ்கவுட்' என்ற பைக்கைப் புதிதாக வாங்கினார். பெயரைப் பார்த்து குழம்ப வேண்டாம். 'இந்தியன்' என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இயங்கிய பைக் கம்பெனி. இந்தப் பெயர் அமெரிக்கப் பழங்குடிகளைக் குறித்து வைக்கப்பட்டது. நம் நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மன்ரோ வாங்கிய வண்டியின் இன்ஜின் எண் 50ஆர்627. வண்டி ஓட்ட முடியாத நிலை வரும் வரை அந்த வண்டியை அவர் விடவில்லை.

பெயரில் இன்னொரு சுவாரசியமும் உண்டு. முதலில் தன் பெயரை வேறு ஆங்கில எழுத்தில்தான் எழுதி வந்தார். 1957-ல் ஓர் அமெரிக்க பைக் பத்திரிகை ஓர் எழுத்தை மாற்றி அச்சடித்துவிட்டது. திருத்தம் கேட்டு கடிதம் போடாமல், அச்சில் வந்ததையே தன் பெயராக வைத்துக்கொண்டார்!

அந்த பைக்கில் அப்படி என்ன இருந்தது?

உண்மையில் பெரிதாக ஒன்றும் இல்லை. 600 சிசி, இரண்டு சிலிண்டர்கள், மூன்று கியர். அந்தக் காலத்துக்கு உறுதியான, நம்பகமான வண்டி, அவ்வளவுதான். ரேஸுக்காகச் செய்யப்பட்டதல்ல.

இன்ஜினும் 'சைடு வால்வ்' வகை. அதாவது, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே வருவதற்கும், எரிந்த புகை வெளியே போவதற்குமான வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருக்கும். கலவை வளைந்து வளைந்து உள்ளே போக வேண்டும். செய்வதற்கு எளிது, செலவும் குறைவு. ஆனால் வேகம் கூடக்கூட இந்த இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

1926-ல் மன்ரோ கை வைக்கத் தொடங்கினார். நாளடைவில் வால்வுகளை சிலிண்டருக்கு மேலே கொண்டுவந்தார். இப்போது கலவை நேராக உள்ளே இறங்கும். இன்னும் இறுக்கமாக அழுத்தி எரிக்க முடியும். சிலிண்டரை பெரிதாக்கி பெரிதாக்கி, 600 சிசி இன்ஜின் கடைசியில் 950 சிசி ஆனது.

பணம் இல்லை, பார்ட்ஸ் இல்லை... பிறகு எப்படி?

மன்ரோ பைக் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தவர். பகலில் வேலை, ராத்திரியில் ஷெட். சில நாட்கள் விடிய விடிய வண்டியோடு மல்லுக்கட்டிவிட்டு, அப்படியே காலையில் வேலைக்குக் கிளம்பிவிடுவார். கடையில் ஆர்டர் போட்டு ரேஸ் பார்ட்ஸ் வாங்கும் வசதி அவருக்குக் கிடையாது. அதனால் தானே செய்தார்.

பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து, உலோகத்தை உருக்கி ஊற்றி பாகங்களை வார்த்தார். சிலிண்டர், பிஸ்டன், ஃப்ளைவீல் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுதான் இன்ஜினில் அதிகம் அடிவாங்கும் பாகம். அதை டிராக்டர் ஆக்சில் இரும்பிலிருந்து கையாலேயே செதுக்கி எடுத்து, பதப்படுத்தினார். கிளட்ச் அவரே வடிவமைத்தது; அதில் 17 பிளேட்டுகள். பின்சக்கரத்துக்கு சக்தியைக் கடத்த மூன்று செயின்கள் கொண்ட அமைப்பு.

அளவெடுக்க? மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக்கூட காட்டும் மைக்ரோமீட்டர் தேவைப்படும் வேலை இது. மன்ரோ பயன்படுத்தியது ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பி!

உடைந்ததெல்லாம் எங்கே போச்சு?

கதையின் முக்கியமான இடம் இது. மன்ரோ செய்த பாகங்கள் உடனே ஜெயித்துவிடவில்லை. உடைந்தன. திரும்பத் திரும்ப உடைந்தன. பிஸ்டன் ஓட்டையானது, ராடு முறிந்தது, சிலிண்டர் பிளந்தது. ஸ்கவுட் மட்டுமல்ல, 1936-ம் ஆண்டு மாடல் வெலோசெட் பைக் ஒன்றையும் இதேபோல மாற்றிக் கட்டி, அதன் இன்ஜினையும் பலமுறை வெடிக்கவிட்டார்.

வீட்டில் வண்டியை மாற்றிக் கட்டும் எவருக்கும் தெரிந்த சிக்கல்தான் இது. இன்ஜின் என்பது சங்கிலி போல. ஒரு கண்ணியைப் பலப்படுத்தினால், அடுத்த பலவீனமான கண்ணி அறுந்துபோகும். அதிக சக்தி வந்ததும் பிஸ்டன் தாங்காது. பிஸ்டனை மாற்றினால் ராடு வளையும். ராடை மாற்றினால் கிளட்ச் வழுக்கும். கிளட்ச்சைச் சரிசெய்தால் செயின் கேள்வி கேட்கும். அதாவது, 'ஒரே ஒரு மாற்றம்' என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மாற்றமும் அடுத்த வேலைக்கான ரசீது.

மன்ரோ உடைந்த பாகங்களைத் தூக்கிப் போடவில்லை. ஷெட்டில் ஓர் அலமாரி முழுக்க வரிசையாக அடுக்கிவைத்தார். அவை வேகத்தின் கடவுளுக்குச் செலுத்திய காணிக்கைகள் என்று அதில் எழுதியும் வைத்தார். வேடிக்கைக்கு எழுதியது போலத் தோன்றலாம். ஆனால் எந்தப் பாகம், எங்கே, எப்படி முறிந்தது என்பதைக் காட்டும் அந்த அலமாரிதான் அவருடைய ஆய்வுக்கூட நோட்டுப் புத்தகம்.

காற்றோடு ஒரு சண்டை

இன்ஜினை மட்டும் பெரிதாக்கினால் போதுமா? போதாது. கணக்கு சுலபம்தான். வேகம் இரண்டு மடங்கானால், காற்றைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான சக்தி எட்டு மடங்காகிறது. 89-லிருந்து 305-க்குப் போவது ஏறக்குறைய மூன்றரை மடங்கு வேகம். வண்டியின் வடிவம் மாறாமல் இருந்தால், காற்றைச் சமாளிக்க மட்டுமே சுமார் 40 மடங்கு சக்தி வேண்டும். மன்ரோவின் இன்ஜின் அளவோ இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

அதனால்தான் அந்த மீன் வடிவக் கூடு. பைக்கையும் ஓட்டுபவரையும் சேர்த்து மூடும் நீளமான உறை. முதலில் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி உருவாக்கினார். பின்னர் ஃபைபர் கிளாஸுக்கு மாறினார். உள்ளே நிமிர்ந்து உட்கார முடியாது. படுத்துத்தான் ஓட்ட வேண்டும். காற்று வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் ஏதாவது விபரீதம் நடந்தால் சட்டென்று வெளியே வரவும் முடியாது.

ஏன் பான்வில்?

சொந்த ஊரில் மன்ரோவின் ஓடுதளம் ஓரெட்டி கடற்கரை. அலை வடிந்த பிறகு இறுகிக் கிடக்கும் நீண்ட மணல்வெளி அது. 1957-ல் மணிக்கு சுமார் 211 கி.மீ. வேகத்தில் ஓட்டி, நியூசிலாந்தின் கடற்கரைச் சாதனையைப் படைத்தார். அதற்கு மேல் போக, முடிவில்லாத சமதரை வேண்டும். அது இருந்த இடம் பான்வில். அங்கே பத்து முறை போனார். முதல் முறை வெறுமனே பார்த்துவிட்டு வருவதற்காக.

அங்கே ஒரு விதி உண்டு. ஒரு பக்கம் மட்டும் வேகமாக ஓட்டினால் சாதனை ஆகாது. காற்று முதுகில் தள்ளியிருக்கலாம் அல்லவா? அதனால் எதிர்த்திசையிலும் ஓட்டி, இரண்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள்.

1962-ல், 63 வயதில், 883 சிசி பிரிவில் மணிக்கு 288 கி.மீ. வேகத்தில் உலக சாதனை. அப்போது இன்ஜின் 850 சிசி. 1966-ல் 1000 சிசி பிரிவில் 270 கி.மீ. 1967-ல் அதே பிரிவில் 295.45 கி.மீ. அந்த ஆண்டு தகுதிச் சுற்றில் ஒரு திசையில் எட்டியதுதான் 305.89 கி.மீ. அன்றைக்கு ஓர் 'இந்தியன்' பைக் எட்டிய அதிகாரப்பூர்வ வேகங்களில் அதுவே உச்சம்.

அந்த ஓட்டத்தில் என்ன நடந்தது?

1967-ல் நடந்த ஓர் ஓட்டத்தை மன்ரோ பின்னர் விவரித்திருக்கிறார். பாதி தூரம் தாண்டியதும் வண்டி தள்ளாடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க உடம்பை உயர்த்தினார். எதிர்காற்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது. கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தடத்தைக் காட்டும் கோடு மறைந்துபோனது. எல்லையைக் குறிக்க நட்டிருந்த இரும்புக் கம்பத்தை அங்குலக் கணக்கில் தப்பித்தார். கடைசியில் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்தே நிறுத்தினார். சில சிராய்ப்புகளோடு எழுந்து வந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பழைய வண்டியை வேக வண்டியாக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மன்ரோ உச்ச வேகத்தைத் தேடிப் போனது ஆள் நடமாட்டமில்லாத கடற்கரைக்கும் உப்புத் தரைக்கும். அங்கேயே நிலைமை இப்படி.

கொடுத்த விலை

மன்ரோவின் கதையை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்வது நியாயமாகாது. 1940-களின் பிற்பகுதியில் அவருடைய மணவாழ்க்கை முறிந்தது. வேலையையும் விட்டார். கேரேஜ் ஒன்றிலேயே குடியேறினார். கட்டில், அடுப்பு, இன்ஜின் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். ஒரு வண்டிக்காக அத்தனை நேரத்தையும் கொடுத்தவரால், மற்றவர்களுக்குக் கொடுக்க நேரம் மிஞ்சவில்லை. விழுந்த அடிகளும் ஏராளம். 50-களின் இறுதியிலிருந்து இதய நோயும் கூடவே இருந்தது. அந்த நெஞ்சோடுதான் உப்புத் தரைக்குப் போனார்.

1977-ல் பக்கவாதம் தாக்கியது. இனி வண்டி ஓட்ட முடியாது என்று தெரிந்ததும் அவர் கவலைப்பட்டது வண்டிகளைப் பற்றித்தான். ஊரை விட்டு வெளியே போய்விடக் கூடாது என்று, இரண்டு பைக்குகளையும் உள்ளூர் வியாபாரி ஒருவரிடமே விற்றார். 1978 ஜனவரி 6-ம் தேதி, 78 வயதில் காலமானார்.

இன்று எங்கே இருக்கிறார் மன்ரோ?

2005-ல் ஆன்டனி ஹாப்கின்ஸ் நடிப்பில் வெளியான 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' படம்தான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. பல வருடப் பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கியது போன்ற சினிமா சுதந்திரங்கள் அதில் உண்டு. இயக்குநர் ரோஜர் டொனால்ட்சன், மன்ரோ உயிரோடு இருந்தபோதே அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர்.

இன்வர்கார்கிலில் உள்ள 'இ ஹேய்ஸ்' என்ற ஹார்டுவேர் கடையில், நட்டு போல்ட்டு வாங்க வருபவர்கள் மன்ரோவின் வண்டியையும் பார்த்துவிட்டுப் போகலாம். கண்ணாடி மாளிகை அருங்காட்சியகத்தைவிட, ஸ்பேனர் விற்கும் கடைதான் அவருக்குப் பொருத்தமான இடம்.

கடைசியாக ஒரு தகவல். அவர் இறந்து 36 ஆண்டுகள் கழித்து, பழைய சாதனைக் கணக்கை மகன் ஜான் எடுத்துப் பார்த்தார். 1967-ல் இரண்டு ஓட்டங்களின் சராசரியைப் போட்டதில் பிழை இருந்தது. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தெரிவித்தார். 2014-ல் சங்கம் அதை ஏற்று, சாதனையை 183.59 மைலிலிருந்து 184.087 மைலாகத் திருத்தியது. அரை மைல் வித்தியாசம்.

அந்த அரை மைல் வேகத்துக்காக ஷெட்டில் எத்தனை ராத்திரி போயிருக்கும் என்பது, உடைந்த பாகங்களை அடுக்கி வைத்த அந்த அலமாரிக்குத்தான் தெரியும்.