ஜூடோ மார்க்கம் கண்ட ஜிகோரோ கானோ

பஞ்சசீலம் ஏற்றவர்கள் மற்போரும் தற்காப்புக் கலையும் பயிலலாகுமா என்னும் வினா நம் இளைஞரிடையே அடிக்கடி எழுகின்றது. முதற் சீலம் உயிர்க்கொலை தவிர்த்தல். ஆயின், தாக்கப்படுவோன் கைகட்டி நிற்க வேண்டும் என்று அச்சீலம் விதிக்கின்றதா? இவ்வினாவை ஆராய்வோர் ஜப்பானியப் பேராசிரியர் ஜிகோரோ கானோவின் சரித்திரத்தை அறிதல் நன்று. போர்க்களத்துக் கைச்சண்டையை ஓர் ஒழுக்க மார்க்கமாக மாற்ற முயன்ற பெரியார் அவர். அம்முயற்சி தொடங்கிய இடமோ ஒரு பௌத்த ஆலயம்.

கானோ 1860ஆம் ஆண்டு, கோபே நகரை அடுத்த மிகாகே என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பம் அரிசியிலிருந்து மது வடிக்கும் செல்வக் குடும்பம். (ஐந்தாம் சீலத்தை மறவாத வாசகர்கள் இங்கே புன்னகை புரியக்கூடும்.) இளமையிலேயே தாயை இழந்து டோக்கியோ நகருக்கு வந்தார். கல்வியில் சிறந்து விளங்கினாரெனினும் உடலால் சிறியவர், மெலிந்தவர். பள்ளியில் வலிய மாணவர் அவரை அடித்துத் துன்புறுத்தினர். வலிமை குறைந்தவனும் வலியவனை வீழ்த்தலாம் என்று ஜூஜுத்சுக் கலையைப் பற்றிக் கேள்வியுற்று, அதனைக் கற்க ஆவல் கொண்டார்.

ஜூஜுத்சு என்பது சாமுராய் எனப்பட்ட வாள்வீரர் குலத்தின் சொத்து. போர்க்களத்தில் வாள் முறிந்தோ கைநழுவியோ போனபின், கவசம் பூண்ட இருவர் கட்டிப் புரளும் நிலை வரும். கவசத்தின்மேல் முட்டியால் குத்திப் பயனில்லை. ஆகவே நிலை குலைத்து வீழ்த்துதல், மூட்டை முறுக்குதல், கழுத்தை நெரித்தல் ஆகியவை வளர்ந்தன. பிறப்பால் ஆயுதம் தாங்கும் உரிமை பெற்ற ஒரு குலம், அவ்வுரிமை அற்ற மக்களின்மேல் நூற்றாண்டுகள் கோலோச்சிய தேசம் அது. நம்மவர்க்கு அந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மெய்ஜி ஆட்சி 1876இல் சாமுராய்கள் வாள் அணிவதைத் தடை செய்தது. பழைய ஆசிரியர்கள் வறுமையுற்றனர். பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுக்கட்டிப் பிழைத்தனர். அத்தகையோரிடம் விசாரித்தே, 1877இல் ஹச்சினோசுகே ஃபுகுதா என்பவரைக் கானோ குருவாக அடைந்தார். பின்னர் மசதோமோ ஈசோ, ட்சுனெதோஷி ஈகுபோ ஆகியோரிடமும் பயின்றார். ஈகுபோ கற்பித்த கீட்டோ மரபில் கவசப்போரின் அசைவுகள் அப்படியே எஞ்சியிருந்தன.

1882இல், இருபத்தோராம் வயதில், டோக்கியோவிலுள்ள எய்ஷோஜி ஆலயத்தில் பன்னிரண்டு பாய்கள் விரித்த ஒரு கூடத்தில் தம் பள்ளியை நிறுவினார். அமிதாப புத்தரை வழிபடும் ஜோதோ பிரிவைச் சார்ந்த ஆலயம் அது. முதலாண்டில் சேர்ந்த மாணவர் ஒன்பதின்மரே. அவ்வொன்பதின்மர் விழுந்தெழுந்த அதிர்ச்சியில், இறந்தோர் பெயர் தாங்கிய நினைவுப் பலகைகள் பீடத்தினின்று சரிந்தன. கூரை ஓடுகள் நகர்ந்தன. ஆலயத் தலைவர் நொந்துகொண்டார். கானோவோ இரவில் விளக்கேந்தித் தரைக்கடியில் நுழைந்து, முறிந்த பலகைகளைத் தாமே செப்பனிட்டார்.

அவர் செய்த மாறுதல் யாது? கொல்லும் பிடிகளையும் ஊனப்படுத்தும் அடிகளையும் பயிற்சிப் போட்டியினின்று விலக்கி, வகுத்த ஒழுங்குடைய கதா வடிவங்களில் மட்டும் காத்துவைத்தார். வீழ்த்தக் கற்குமுன் காயமின்றி வீழக் கற்க வேண்டும் என்றார். ஜூ என்பது இசைந்து கொடுக்கும் மென்மை. ஜுத்சு என்னும் வித்தைச் சொல்லை நீக்கி, தோ, அதாவது மார்க்கம், என்னும் சொல்லை அமைத்தார். ததாகதரின் அஷ்டாங்க மார்க்கத்தை ஜப்பானியர் எழுதுகையிலும் இதே எழுத்தையே வழங்குகின்றனர். ஆற்றலை நல்வழியில் முழுமையாகப் பயன்படுத்துதல், தானும் பிறரும் ஒருங்கே நலம் பெறுதல் என்னும் இரண்டையும் அம்மார்க்கத்தின் நோக்கங்களாக வகுத்தார்.

தொழிலால் அவர் கல்வியாளர். உயர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் தலைவராக நெடுங்காலம் விளங்கினார். 1896 முதல் சீன மாணவர்க்குக் கல்வி அளித்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் லூ சுன் அவருடைய பள்ளியில் பயின்றவரே. பெண்டிர்க்கும் ஜூடோ கற்பித்தார். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர் ஆனார். ரவீந்திரநாத தாகூரின் அழைப்பை ஏற்று, ஷின்சோ தகாகாகி என்னும் ஆசிரியர் 1929இல் சாந்திநிகேதனம் வந்து ஜூடோ கற்பித்தார்.

எனினும் போர்க்களம் தன் பிள்ளையை எளிதில் விடவில்லை. காவற்படையும் எட்டாஜிமா கடற்படைக் கல்லூரியும் ஜூடோவைத் தொடக்கத்திலேயே ஏற்றன. கானோவின் சீடர் யமஷிதா அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியிலும் அதனைக் கற்பித்தார். ஷாங்காயில் ஜூடோ பயின்ற ஃபேர்பேர்ன் என்னும் ஆங்கிலேயக் காவல் அதிகாரி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குக் கைச்சண்டை பயிற்றுவித்தார். 1931இல் ஜப்பான் அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஜூடோவும் வாட்பயிற்சியும் கட்டாயமென்று விதித்தது. பரஸ்பர நலம் போதித்த கலை, படைக்கு ஆள் திரட்டும் கருவியாயிற்று. கானோ 1938 மே 4ஆம் நாள், 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியின் பொருட்டுக் கெய்ரோ சென்று திரும்புகையில், ஹிகாவா மாரு என்னும் கப்பலில் காலமானார். அப்போட்டியை ஜப்பான் இரண்டே மாதங்களில் கைவிட்டது.

1942 மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியர் அந்தமானில் இறங்கினர். போர்ட் பிளேரின் செல்லுலார் சிறை மீண்டும் வதைக்கூடமாயிற்று. மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமாகிய திவான் சிங் அங்கே சித்திரவதையுண்டு 1944 ஜனவரி 14ஆம் நாள் மாண்டார். அதே மாதம் 30ஆம் நாள், உளவாளிகள் என்னும் பழியின்பேரில் நாற்பத்து நால்வர் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்டனர். வதைத்தோர் யாவரும் ஜூடோ பயின்றவரென்று கூறுவதற்கில்லை. எனினும் அதைக் கட்டாயமாகக் கற்பித்த பள்ளிகளில் வளர்ந்த தலைமுறையினர் அவர்களுள் இருந்தனர். கைகளைப் பழக்கிய ஆசிரியர்கள் மைத்திரியைப் பழக்கவில்லை. இது கானோவின் பிழையென்று யாம் கருதவில்லை. மார்க்கத்தை நீக்கி வித்தையை மட்டும் வைத்துக்கொண்ட அரசின் பிழை.

போருக்குப்பின் ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோ தடை செய்யப்பட்டு, 1950இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அது போட்டியாக இடம்பெற்றது. எய்ஷோஜி ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது. ஜூடோ அங்கே பிறந்தது என்று அறிவிக்கும் கல் ஒன்று அதன் வளாகத்தில் நிற்கின்றது.